கச்சேரியா, சினிமாப் பாட்டா, டப்பிங்கா, சீரியலா? மும்பைத் தமிழ்ப் பெண்ணுக்கு ஒரு கணக்கு

இந்தி சினிமாவில் ஒரே பாட்டை மூன்று பேரைப் பாட வைத்துப் பதிவு செய்வது சர்வசாதாரணம். யார் குரல் நின்றது என்பது பாட்டு வெளியாகிற அன்றுதான் பாடியவருக்கே தெரியவரும். அதே வாரம் அந்தேரியில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் ஷாம்பு விளம்பரத்தின் தமிழ் வடிவத்துக்கு முப்பது நொடி பேசிவிட்டு வருகிற பெண்ணுக்கு, எதில் ஓடும், எத்தனை மாதம் ஓடும், எவ்வளவு வரும் என்பதெல்லாம் அன்றைக்கே தெரியும். முதல் வேலைக்கு மவுசு அதிகம். வீட்டு வாடகை பெரும்பாலும் இரண்டாவதிலிருந்துதான் போகிறது.

மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி பக்கம் பத்துப் பன்னிரண்டு வருஷம் பாட்டுக் கற்று, கூடவே ஒரு டிகிரியும் முடித்து, வீட்டில் தமிழும் வெளியில் இந்தியும் மராத்தியும் பேசுகிற பெண்ணுக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: சபா கச்சேரி, சினிமா மற்றும் விளம்பரப் பாட்டு, டப்பிங், சீரியல். எதில் திறமை இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். நான்கிலும் ஓரளவு திறமை இருக்கிற பெண்ணுக்குத்தான் இந்தக் குழப்பமே வருகிறது, ஆகவே அந்த யோசனை உதவாது. மாதத்தில் எத்தனை பகல் போகிறது, பணம் எத்தனை நாள் கழித்து வருகிறது, நாற்பது வயதில் இந்த வேலை என்ன ஆகும், கையெழுத்துப் போடும் தாளில் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று கேட்டுப் பார்த்தால் வித்தியாசம் பிடிபடும்.

கச்சேரி

மும்பையில் மேடைக்குப் பஞ்சமில்லை. 1952ல் தொடங்கிய சண்முகானந்தா சபா, செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி, மாட்டுங்காவில் ஆஸ்திக சமாஜம், அப்புறம் நவராத்திரி, ராமநவமி என்று ஊர் முழுக்கக் கோயில் கச்சேரிகள். பஞ்சமெல்லாம் பணத்துக்குத்தான். சன்மானம் பதினைந்தாயிரம் என்று வைத்துக்கொள்வோம். வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் கொடுத்து, டாக்ஸிக்கும் கொடுத்தால் பாடியவர் கையில் இரண்டாயிரம் நின்றால் அதிகம். அதற்காக ஒரு மாதம் சாதகம் செய்திருப்பார். பக்கவாத்தியக்காரர் அதே வாரத்தில் இன்னும் மூன்று பேருக்கு வாசிப்பார். பாடகி அந்த மாதத்துக்கு அந்த ஒரு கச்சேரியோடு நிற்பார்.

மும்பையில் வளர்ந்து கச்சேரியில் பெரிய பெயர் வாங்கியவர்களின் பாதையைப் பார்த்தால் விஷயம் புரியும். பம்பாய் சகோதரிகள் சரோஜாவும் லலிதாவும் ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு சென்னையில்தான் வாழ்க்கையை அமைத்தார்கள். பாம்பே ஜெயஸ்ரீ இங்கே விளம்பர ஜிங்கிள் பாடிக்கொண்டிருந்தவர். 1989ல் லால்குடி ஜெயராமனிடம் கற்கச் சென்னைக்குப் போனார். மும்பையில் பிறந்த அருணா சாயிராம் டி. பிருந்தாவிடம் கற்றவர். அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது 2009ல், அதாவது 56 வயதில். இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, முழுநேரக் கச்சேரி என்றால் என்றைக்காவது சென்னைக்குக் குடிபோக வேண்டியிருக்கும். போகாவிட்டால் டிசம்பர் சீசனுக்கு ரயில், தங்குமிடம், பக்கவாத்தியம் எல்லாவற்றுக்கும் பல வருஷம் சொந்தக் காசுதான். இன்னொன்று, நான்கு வழிகளில் வயது ஏற ஏற மதிப்பும் ஏறுவது இதில் மட்டும்தான்.

மும்பையிலேயே இருந்துகொண்டு தொடர நினைப்பவர்கள் ஆகாசவாணி தேர்வை ஒத்திப்போடக் கூடாது. பி, பி ஹை, ஏ, டாப் என்று கிரேடு ஏறும். பி கிரேடில் வரும் பணம் சொற்பம். ஆனால் வெளியூர்ச் சபாக்களுக்கு அனுப்பும் கடிதத்தில் அந்த ஒரு வரி இருந்தால்தான் பல செயலாளர்கள் மேற்கொண்டு படிக்கிறார்கள்.

சினிமாப் பாட்டும் ஜிங்கிளும்

கச்சேரிப் பயிற்சியோடு மைக்குக்கு முன் நிற்கிற பெண்ணுக்கு முதலில் வரும் சிக்கல் கமகம். சினிமா மெட்டில் நேராக நிற்க வேண்டிய ஸ்வரத்தைத் தன்னையறியாமல் அசைத்துவிடுவார். இசையமைப்பாளர் ‘கொஞ்சம் ஃப்ளாட்டா பாடுங்க’ என்றால் சுருதி இறங்கிவிட்டதோ என்று பயந்து இன்னும் அசைப்பார். அவர் சொல்வது அசைக்காதே என்பதைத்தான். அடுத்தது சுருதி. கச்சேரியில் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் தன் சௌகரியத்துக்கு வைத்துப் பாடியவர், இங்கே பாட்டு எந்த ஸ்கேலில் இருக்கிறதோ அதில் பாடியாக வேண்டும். சரணத்தின் உச்சி எட்டாவிட்டால் ஸ்கேலை இறக்க மாட்டார்கள், ஆளை மாற்றுவார்கள். மூன்றாவது, துண்டுதுண்டாகப் பாடுவது. வேகம் காட்டும் கிளிக் டிராக்கைக் காதில் கேட்டுக்கொண்டு ஒரு வரியை எட்டுத் தடவை பாட வேண்டும், எட்டாவது தடவையும் முதல் தடவையின் உணர்ச்சி இருக்க வேண்டும். வீட்டில் மெட்ரோநோம் வைத்து ஒரே வரியைப் பதிவு செய்து, அடுக்கிக் கேட்டுப் பழகினால் ஆறு மாதத்தில் பிடிபட்டுவிடும்.

பிடிபடாதது பணம். படத்துக்கு முன் மாதிரியாகப் பாடிக் கொடுக்கிற ‘ஸ்கிராட்ச்’ பதிவுக்குப் பல இடங்களில் காசே கிடையாது. ‘வாய்ஸ் பிடித்திருந்தால் வைத்துக்கொள்வோம்’ என்பார்கள். பாடப் போவதற்கு முன்பே வாட்ஸப்பில் ஒரு வரி எழுதி வாங்கிவிடுவது நல்லது: ஸ்கிராட்சுக்கு இவ்வளவு, வெளியிட்டால் மேலும் இவ்வளவு.

ராயல்டியைப் பற்றிப் பலரும் தப்பாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1960களிலேயே லதா மங்கேஷ்கர் பாடகருக்கும் ராயல்டி வேண்டும் என்று நின்றார். கூலி வாங்கியதோடு சரி என்றார் முகமது ரஃபி. இருவரும் சில வருஷம் சேர்ந்தே பாடவில்லை. சட்டம் லதாவின் பக்கம் வந்தது 2012ல், பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தோடு. பாடியது வணிகரீதியாகப் பயன்பட்டால் பாடியவருக்கும் ராயல்டி உண்டு. அதை வசூலித்துத் தரும் பாடகர் சங்கம் 2013ல் இஸ்ரா என்று தொடங்கி, வாத்தியக் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு இப்போது இஸாம்ரா. உறுப்பினராகி, பாடிய பாட்டுகளைப் பதிவு செய்யாதவருக்கு எதுவும் வராது. மெட்டையோ வரியையோ சொந்தமாகப் போடுகிறவர் என்றால் அதற்கு ஐபிஆர்எஸ் என்ற சங்கம் தனி. அங்கே வெறும் பாடகிக்கு இடமில்லை. கோரஸ் பாடியவர்களும் அமர்வுத் தேதியையும் படத்தின் பெயரையும் ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். இரண்டு வருஷம் கழித்து யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

பாடகிகளின் பெருவருமானம் படப்பாட்டிலிருந்து வருவதில்லை, அந்தப் பாட்டை வைத்துக் கிடைக்கிற மேடை நிகழ்ச்சிகளிலிருந்து வருகிறது. கல்யாண சங்கீத், கம்பெனி ஆண்டுவிழா, கல்லூரி விழா. இதில் பாதி முன்பணம் வாங்காமல் மேடை ஏறக் கூடாது. மீதியை நிகழ்ச்சிக்கு முன்பே, ஒலிச்சோதனை முடியும்போது வாங்கிவிட வேண்டும். கடைசிப் பாட்டு முடிந்த பிறகு அமைப்பாளர் கண்ணில் படமாட்டார்.

டப்பிங், வாய்ஸ் ஓவர்

மும்பையில் நல்ல குரல் கொட்டிக் கிடக்கிறது. நல்ல தமிழ்தான் கிடைப்பதில்லை. விளம்பர ஏஜென்சிகள் பெரும்பாலும் இங்கே இருக்கின்றன. இந்தியில் எடுத்த படத்துக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், வங்காளம் என்று குரல் மாற்றுவதை ஒரே ஸ்டூடியோவில் ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பார்கள். சினிமா டப்பிங் சென்னையில்தான். விளம்பரம், கார்ட்டூன், கம்பெனி வீடியோ, செயலிகளில் வரும் குரல் என்று இங்கேயே தமிழுக்கு நிறைய வேலை இருக்கிறது. அறையில் இருக்கும் இயக்குநர், ஏஜென்சிக்காரர், வாடிக்கையாளர் மூவரில் ஒருவருக்கும் தமிழ் தெரிந்திருக்காது. தப்பு வந்தால் பிடிப்பதற்குப் பேசுகிற பெண்ணைத் தவிர வேறு ஆள் கிடையாது.

மும்பையில் வளர்ந்தவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். ‘பளபளப்பான கூந்தல்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்கு இந்தி பழகியவரிடம் அது ‘பலபலப்பான கூந்தல்’ ஆகிவிடும். ள போனதே தெரியாது. அடுத்து வாக்கியத்தின் முடிவு: இந்தி விளம்பரத்தின் ராகத்தில் கடைசிச் சொல்லை மேலே தூக்குவார்கள், தமிழ்க் காதுக்கு அது கேள்வி போலக் கேட்கும். மாட்டுங்கா வீடுகளின் ‘வந்தேளா’வும், தாராவியில் கேட்கிற திருநெல்வேலி இழுப்பும் பாத்திரத்துக்குக் கேட்டால் தங்கம், பொது விளம்பரத்துக்கு ஆகாது. தினமும் பத்து நிமிஷம் தமிழ்ச் செய்தித்தாளை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்து, ல, ள, ழ மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக் கேட்டால் மூன்று மாதத்தில் சரியாகும்.

அந்த ஒரு சொல்லிலேயே மைக் பாடமும் இருக்கிறது. ப மூன்று முறை வருகிறது, மூன்றும் மைக்கில் ‘புப்’ என்று வெடிக்கும். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, முகத்தை நேராக வைக்காமல் சற்றே சாய்த்துப் பேசினால் வெடிப்பு மைக்கின் பக்கவாட்டில் போய்விடும். பட்டுப்புடவை, வளையல், ஜிமிக்கி எதுவும் ஸ்டூடியோவுக்கு வேண்டாம். துணி உரசுவதைப் பேச்சை விடத் தெளிவாக மைக் பிடிக்கும்.

உதட்டசைவு சேர்ப்பது தனிக் கலை. மூன்று பீப் ஒரே இடைவெளியில் வரும், நான்காவது வர வேண்டிய இடத்தில் பேச்சைத் தொடங்க வேண்டும். குளோஸப்பில் நடிகை ‘மத் ஜாவோ’ என்கிறார். ம-வில் உதடு மூடுகிறது, அதனால் ‘போகாதே’ பொருந்துகிறது, ப-வும் உதட்டை மூடுகிற எழுத்து. ஆனால் ஜாவோ முடியும்போது வாய் திறந்து குவிந்திருக்கிறது. அங்கே எழுதிக்கொடுத்தபடி ‘போக வேண்டாம்’ என்று அழுத்தி ம் போட்டால் திறந்த வாயிலிருந்து மூடிய ஒலி வரும், பார்ப்பவருக்கு எங்கோ இடிக்கும். பேச்சுத் தமிழில் கடைசி ம் உதட்டை மூடுவதில்லை, மூக்கில் கரைந்துவிடும். ‘போக வேணா’ என்று அப்படியே பேசினால் பொருந்திவிடுகிறது. இந்தி ‘அச்சா’வின் இரண்டு அசையில் ‘அப்படியா’வின் நான்கு அசை நுழையாது, ‘ஓகோ’ நுழையும். இப்படி வசனத்தை மாற்றிக் கொடுக்கிறவர் பேசுவதோடு இன்னொரு வேலையும் செய்கிறார். அதற்குத் தனியாகக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். முப்பது நொடி விளம்பரத்துக்கு நாற்பது நாற்பத்தைந்து தமிழ்ச் சொல்தான் மூச்சுவிட்டுப் பேச முடியும். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்து அறுபது சொல்லோடு வரும் தாளைப் பதிவுக்கு முந்தின நாளே கேட்டு வாங்கிச் சுருக்கி வைப்பது பிழைக்கத் தெரிந்தவர் வழக்கம்.

பாடகிக்கு ஓர் எச்சரிக்கை. கார்ட்டூனில் கத்தல், அலறல், சண்டை முனகல் எல்லாவற்றையும் அன்றைய பதிவின் கடைசியில் வைக்கச் சொல்லுங்கள். முதலில் அதைச் செய்தால் மிச்ச வசனமெல்லாம் கரகரக்கும். கச்சேரிக்கு முந்தின இரண்டு நாளில் அந்த வேலையை ஒப்புக்கொள்ளவே கூடாது.

பகல் கணக்கில் இது நான்கிலும் மலிவு. ஒரு விளம்பரம் ஒரு மணி நேரத்தில் முடியும். கர்ப்ப காலத்தில் மூச்சு குறையும்போது நீண்ட கீர்த்தனை சிரமப்படும், இரண்டு வரி வசனம் சிரமப்படாது. ஐம்பது வயதுப் பெண் இருபது வயதுக் குரலில் பேசினாலும் ஏனென்று கேட்பாரில்லை. புகழ் கிடையாது, அதுதான் விலை.

தாளில் பார்க்க வேண்டியவை மூன்று. எத்தனை காலத்துக்கு, எந்தெந்த ஊடகத்துக்கு, புதுப்பித்தால் எவ்வளவு. ‘எல்லா ஊடகமும், என்றென்றைக்கும்’ என்று எழுதியிருந்தால் ஒரு வருஷம், டிவியும் இணையமும் என்று திருத்தக் கேளுங்கள், பாதிப் பேர் திருத்துவார்கள். குரலைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயன்படுத்த அனுமதி என்ற வரி இப்போது எல்லாத் தாளிலும் நுழைகிறது. அரிஜித் சிங் 2024லும் ஆஷா போஸ்லே 2025லும் தங்கள் குரலைப் போலி செய்வதற்கு எதிராக மும்பை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார்கள். அவர்கள் குரலை ஊரறியும். பெயர் தெரியாத வாய்ஸ் ஆர்ட்டிஸ்டுக்கு அந்த வரியை அடித்துவிடுவதுதான் பாதுகாப்பு.

பணம் இரண்டு மூன்று மாதம் இழுக்கும். அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்வது இலவசம். செய்துவிட்டு அந்த எண்ணை பில்லில் போட்டால், 2006 சட்டப்படி 45 நாளுக்கு மேல் வாங்கியவர் இழுக்க முடியாது. பணம் தரும்போதே டிடிஎஸ் என்று பிடித்த வரியில் அதிகப்படியானதை வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்தால் திரும்ப வாங்கலாம். வரி வரம்புக்குக் கீழே இருக்கிறோம் என்று தாக்கல் செய்யாமல் விடுகிறவர்கள் அந்தக் காசை வருஷாவருஷம் தாரை வார்க்கிறார்கள். ஜிஎஸ்டி கவலை வருஷம் 20 லட்சம் தாண்டிய பிறகு.

சென்னைப் படங்களுக்குப் பேச நினைத்தால் அங்குள்ள யூனியன் அட்டை வேண்டும். மும்பையில் பிறந்து பாட்டிலும் டப்பிங்கிலும் ஒருசேர நின்ற சின்மயியை, மீடூ பற்றிப் பேசிய மறுமாதமே, 2018 நவம்பரில் அங்கே உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். சொன்ன காரணம் சந்தா பாக்கி. எந்தச் சங்கமானாலும் சந்தா ரசீதை ஒன்று விடாமல் வைத்திருங்கள்.

சீரியல்

நான்கிலும் மாதச் சம்பளம் போல வருவது இதுதான். ஒரு நாளுக்கு இவ்வளவு, மாதத்தில் குறைந்தது இத்தனை நாள் என்று ஒப்பந்தம். ஷிஃப்ட் பன்னிரண்டு மணி நேரம். கோரேகாவ் ஃபிலிம் சிட்டி, மீரா ரோடு, நைகாவ் என்று செட் இருக்கும். டோம்பிவிலியிலிருந்து தாதர் வந்து வெஸ்டர்ன் லைன் மாறிப் போய்வந்தால் இன்னும் நான்கு மணி நேரம். சாதகம் அன்றோடு நின்றது. மாதம் 22 நாள் செட்டில் இருக்கிற பெண் கச்சேரி ஒப்புக்கொள்ள முடியாது, ஒப்பந்தமும் பெரும்பாலும் விடாது.

செய்த வேலைக்குப் பணம் 90 நாள் கழித்து. ஜனவரியில் நடித்ததற்கு மே மாதம் கைக்கு வரும். அதனால் முதல் நான்கு மாத வாடகை, ரயில் பாஸ், துணிமணிச் செலவு எல்லாம் கையில் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. சீரியல் திடீரென்று நிறுத்தப்பட்டால் கடைசி மூன்று மாதப் பாக்கிதான் தகராறில் மாட்டும். நடிகர் சங்கமான சின்டாவின் உறுப்பினர் அட்டை இருந்தால் புகார் கொடுக்க ஓர் இடம் உண்டு. சங்க அட்டை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம்: பெண்களுக்கு சிகை அலங்கார அட்டை மட்டும் கொடுத்து, மேக்கப் அட்டையை ஆண்களுக்கே வைத்திருந்தார்கள், 2014 நவம்பரில் மேக்கப் கலைஞர் சாரு குரானா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அது மாறியது.

செம்பூரில் வளர்ந்த வித்யா பாலனை எல்லோரும் சுட்டுவார்கள். சுட்டுகிறவர்கள் இடைப்பட்ட காலத்தை விட்டுவிடுகிறார்கள். தொலைக்காட்சித் தொடரில் வந்தது 1995ல், இந்திப் பட நாயகியானது 2005ல். நடுவில் தெற்கே ஒப்புக்கொண்ட படங்கள் நின்றுபோயின, கைமாறின. அந்தப் பத்து வருஷத்தில் எம்.ஏ. படித்தார், ஏராளமான விளம்பரங்களில் நடித்தார். நாயகி வேடத்துக்கு முப்பது வயதுக்கு மேல் சீரியலில் கதவு பெரும்பாலும் சாத்திக்கொள்ளும், முப்பத்தைந்தில் நாயகனின் அம்மா வேடம் வரும்.

ஆடிஷன் பெரும்பாலும் வெர்சோவா ஆராம் நகரில். அங்கே பதிவுக் கட்டணம், போர்ட்ஃபோலியோ கட்டணம், ‘அட்டை எடுத்துத் தருகிறேன்’ கட்டணம் என்று எவர் காசு கேட்டாலும் திரும்பி வந்துவிடலாம். நடிப்பு வேலையில் பணம் ஒரு திசையில்தான் நகர வேண்டும். பாலியல் தொல்லைக்கு 2013 சட்டம் ஃப்ரீலான்ஸ் பெண்ணுக்கும் பொருந்தும், கம்பெனி அனுப்பும் காருக்குள்ளும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தயாரிப்பு நிறுவனத்தில் புகாரை விசாரிக்கும் உள் குழு இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் மாவட்டக் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். கால் ஷீட் வரும் நாளிலேயே அந்தக் குழுத் தலைவியின் பெயரைக் கேட்டு வைப்பதில் கூச்சம் வேண்டாம். 26 வார மகப்பேறு விடுப்பு இந்த நான்கு வழியிலும் கிடையாது, அது சம்பளப் பட்டியலில் இருப்பவர்களுக்கு.

ரியாலிட்டி ஷோ? போகலாம், ஆனால் அதன் ஒப்பந்தத்தில் நிகழ்ச்சி முடிந்த பிறகு எத்தனை மாதம் அவர்கள் சொல்லும் மேடையில் மட்டும் பாட வேண்டும் என்ற வரியைப் படித்துவிட்டுப் போக வேண்டும். பெயர் சூடாக இருக்கும் மாதங்களை அந்த வரி தின்றுவிடும்.

எங்கள் கணிப்பில், சங்கீதத்தை விட மனமில்லாத பெண்ணுக்கு டப்பிங் அடிப்படை, ஜிங்கிள் பக்கத்தில், கச்சேரி வருஷத்துக்கு எட்டுப் பத்து. சினிமாப் பாட்டு தானாக வந்தால் வரட்டும். நடிப்புதான் உயிர் என்கிறவர் இருபத்திரண்டு வயதிலேயே சீரியலுக்குப் போவது சரி, பாட்டு, சீரியல் இரண்டையும் ஒரு கை பார்க்கலாம் என்று ஆரம்பித்தால் முதல் மழைக்காலத்திலேயே குரல் போகும். தெற்கே பெயர் வாங்கியாக வேண்டும் என்கிறவர் சென்னைக்கு டிக்கெட் எடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

டப்பிங்கில் இறங்குகிறவருக்கு முதல் வேலை டெமோ. ஒரு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். பத்து நொடி வீட்டுச் சாமான் விளம்பரம், பத்து நொடி வங்கி அறிவிப்பு, பத்து நொடி சிறுவன் குரல், பதினைந்து நொடி சீரியல் அழுகை, மிச்சத்தில் சாதாரணப் பேச்சு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பு ஒன்றும், வாட்ஸப்பில் அனுப்ப எம்பி3 ஒன்றும். பதிவை இரவு பதினொன்றுக்கு மேல், துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன்னால் செய்யுங்கள். பகலில் பக்கத்து வீட்டுக் குக்கரும் லோக்கல் ரயிலின் ஹாரனும் விடாது. முதலில் எது பேசுகிறோமோ அதைத்தான் கேட்பார்கள், அதனால் சாதாரணப் பேச்சை முன்னால் வையுங்கள். அதில் பாட்டைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் கேட்டவர் பாடகிகள் பட்டியலில் எழுதி வைத்துவிடுவார், அந்தப் பட்டியல் ஏற்கெனவே நீளம்.